பூ போட்டு அழித்த டிஸ்க்

போன வாரம் லெட்சுமி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு புது பென்டிரைவ். அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

லெட்சுமி அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், அதாவது கீழ் வரிசைத் தொழிலாளர் வீடுகளில், இருப்பவர். முன்பு கொழுந்து எடுத்தார். இப்போது திரிங்காப்பில் ஒரு காய்கறிக் கொட்டகையில் மிளகாய் தரம் பிரிக்கிறார். ஒரே மகன் குமரன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லோரி ஓட்டினான். போன வருடம் ஒரு மழை நாளில், மலையிறக்கத்தில் லோரி கவிழ்ந்தது. அவ்வளவுதான்... அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

அவனுக்குத் தெவசம் வருகிறது. அதற்குத்தான் பென்டிரைவ்.

"தம்பி, கோயில் கம்ப்யூட்டர்ல கொமரன் காவடி எடுத்த வீடியோ இருக்குல்ல, அத இதுல போட்டுக் குடு தம்பி. அன்னிக்கு நான் பால்குடம் தூக்கிக்கிட்டு அவன் பின்னாலயே நடந்தேன். முதுவுதான் பாத்தேன். மொகத்தப் பாக்கல."

இத்தனை நாளாக அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லையாம். இப்போது உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார். மற்றவர்கள் போனில் எடுத்தது ஏதாவது இருக்காதா என்று கேட்டேன். ஒன்று இருக்கிறதாம். அதில் பாதி யாரோ பிடித்த குடை, மீதி நாதஸ்வரக்காரர்.

இது ஒரு பெரிய வேலையா, நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். பகலில் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே புரோகிராம் எழுதுகிறேன். அது சோற்றுக்கு. மாலையில் யாரும் கேட்காத ஒரு டூல் எழுதுகிறேன். அது எதற்கு என்று வீட்டில் கேட்காத நாளில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிஸ்க் கெட்டால் அதிலிருப்பதெல்லாம் போய்விடும். அதனால் இரண்டு டிஸ்க்கைப் போட்டு, ஒன்றில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுத வைக்கலாம். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். இதற்கு ரெய்ட் என்று பெயர். தனிக் கருவி எதுவும் வேண்டாம், மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதை நிர்வகிக்கும் கமாண்டுகள் இருக்கின்றனவே... விஷயம் தெரிந்தவன் தெரிந்தவனுக்காக எழுதியவை. ஓர் எழுத்து தவறினால் கேள்வி கேட்காமல் துடைத்துவிடும்.

நான் எழுதுவது அதற்கு மேல் உட்காரும் ஒரு டூல். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டினால் எந்த டிஸ்க் எப்படி இருக்கிறது, என்ன செய்தால் என்ன ஆகும் என்று தமிழில் சொல்லும். எதையாவது அழிப்பதற்கு முன்னால் நிறுத்திக் கேட்கும். 'ஆமாம்' என்று ஒரு தட்டில் தப்பிக்க முடியாது. அழியப்போகும் டிஸ்க்கின் சீரியல் நம்பரை முழுசாகத் தட்ட வேண்டும். அந்த ஒரு இடத்தை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. கேள்வியைத் தெளிவாகக் கேட்டால் மனிதர்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள் என்று நம்பியவன் நான்!

எங்கள் மாரியம்மன் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். இந்த மலைப் பனியில் டிஸ்க் எல்லாம் ஊறிப்போய் சாகிறது. அதற்கு முன் ஒரு டிஸ்க் செத்து, பழைய திருவிழாப் படமெல்லாம் போயிருந்தது. இரண்டு டிஸ்க் எதற்கு என்று கமிட்டியில் கேட்டார்கள். இரண்டிலும் ஒன்றேதான் இருக்கும் என்றேன். ஒன்றேதான் இருக்குமென்றால் இரண்டு எதற்கு என்று மறுபடி கேட்டார்கள். எப்படியோ ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் கமிட்டி உடைந்தது.

காரணம்? ரதம் முதலில் மேல் லயத்துக்குப் போவதா, கீழ் லயத்துக்குப் போவதா. சிரிக்காதீர்கள், இதைவிடச் சின்னக் காரணத்துக்கு உடைந்த கமிட்டிகள் இந்த நாட்டில் உண்டு. மேல் லயத்துக்கு ஒரு தலைவர், கீழ் லயத்துக்கு ஒரு தலைவர் என்றானது. இரண்டு தலைவர்களும் சாமான்களைப் பிரித்தார்கள். அண்டாவுக்குச் சண்டை, நாற்காலிக்குச் சண்டை, மைக்செட்டுக்குக் கைகலப்பு. டிஸ்க்குக்கு மட்டும் சண்டையே வரவில்லை. ஸ்குரூ டிரைவரால் கழற்றி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலுமே எல்லாம் இருந்தது. யாருக்கும் குறை வைக்காத பாகப்பிரிவினை அது ஒன்றுதான்.

கீழ் லயம் தனியாகக் கம்ப்யூட்டர் வாங்கியது. அந்த வருடம் ஒரே அம்மனுக்கு இரண்டு திருவிழா. ஒரு வாரம் மேல் லயம், அடுத்த வாரம் கீழ் லயம். அவரவர் வீடியோ அவரவர் டிஸ்க்கில் போய்ச் சேர்ந்தது. குமரன் காவடி எடுத்தது கீழ் லயத்துத் திருவிழாவில்.

பிறகு இந்த வருடம் ஞானோதயம் வந்தது. கோயிலுக்குக் கூரை மாற்ற வேண்டும், அதற்குத் தோட்டத்தின் அனுமதி வேண்டும். ஒரு கோயிலுக்கு ஒரு கமிட்டியோடுதான் பேசுவேன் என்று தோட்டத்து மேனேஜர், எங்கள் வழக்கில் துரை, சொல்லிவிட்டார். பஞ்சாயத்துப் பேசியும் சேராதவர்கள் துரை ஒரு வார்த்தை சொன்னதும் சேர்ந்துவிட்டார்கள். அண்டாவும் வந்தது, மைக்செட்டும் வந்தது, டிஸ்க்கும் வந்தது. அப்போது நான் ஈப்போவில் இருந்தேன். டிஸ்க்கை மாட்டும்போது என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு பென்டிரைவோடு கோயில் ஆபீஸுக்குப் போனேன். ஏற்கெனவே டிஸ்க் இரண்டும் மாட்டியிருந்தது. என் டூலைத் தட்டிப் பார்த்தேன். 'இரண்டு டிஸ்க்கும் நலம். இரண்டும் ஒன்றே' என்று பச்சை எழுத்தில் காட்டியது.

ஒரு வருடம் தனித்தனியாக ஓடிய இரண்டு டிஸ்க் எப்படி ஒன்றாக இருக்கும்?

திறந்து பார்த்தால் மேல் லயத்துத் திருவிழா இருக்கிறது. எல்லாக் கோணத்திலும் இருக்கிறது. மேல் லயத் தலைவர் மாலை வாங்குவது மட்டும் மூன்று வீடியோ. கீழ் லயத்துத் திருவிழா என்று ஒன்று நடந்த அடையாளமே இல்லை.

மேல் லயத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கீழ் லயத் தலைவரும் அங்கேதான் இருந்தார். சேர்ந்து கூரைத் தகடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஒற்றுமை!

நடந்ததை அவர்களே சொன்னார்கள், பெருமையாக வேறு. மாட்டியதும் டூல் கேட்டிருக்கிறது: 'இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாக மாறியிருக்கின்றன. ஒன்றை வைத்தால் மற்றதில் இருப்பது அழியும். எதை வைப்பது? முதலாவதா, இரண்டாவதா? அல்லது மூன்று: எதையும் அழிக்காமல் நிறுத்து.'

யார் டிஸ்க்கை வைப்பது? எங்களுடையது வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் மற்றவன் நடத்தியதுதான் உண்மையான திருவிழா என்றாகிவிடுமே. கடைசியில் யோசனை சொன்னவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் ஊரில் பூவுக்கா பஞ்சம்? மேல் லயத்துக்கு வெள்ளை, கீழ் லயத்துக்குச் சிவப்பு. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, கற்பூரம் காட்டி, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது.

உடனே ஆபீஸுக்கு வந்து கீழ் லயத்து டிஸ்க்கின் சீரியல் நம்பரை ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டியிருக்கிறார். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வார்களே, அப்படி. தட்டியவர் கீழ் லயத் தலைவர். பெருந்தன்மையாம்!

மூன்றாவது வழி ஒன்று இருந்ததே, அதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"படிச்சோம் தம்பி. மூணாவத போட்டா பழையபடி ரெண்டாத்தானே இருக்கும் லா? நாங்கதான் ஒண்ணாயிட்டோமே" என்றார் மேல் லயத் தலைவர்.

எனக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். நான் மேல் லயத்தில் குடியிருப்பவன். நான் என்ன சொன்னாலும் கீழே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மன்தான் பொது ஆள்.

குமரன் காவடி அதில் இருந்தது என்று சொன்னேன். கீழ் லயத் தலைவர் தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, அம்மன் உத்தரவு வந்தபிறகு நாம் என்ன செய்ய முடியும் என்றார். அழித்த டிஸ்க்கில் ஓரம்கூட விடாமல் மற்றதன் நகல் ஏறியிருந்தது. மீட்க வழியில்லை. என் டூல் சொன்ன வேலையை அரைகுறையாகச் செய்யாது.

இந்த ஊரில் பத்து வருடம் மீட்டிங் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். யாரும் பொறுப்பேற்காத முடிவுக்குத்தான் ஒற்றுமை என்று பெயர் வைத்திருக்கிறோம். அதற்குச் சாமியையும் இழுத்துக்கொள்கிறோம். அம்மனுக்கு வாய் இருந்தால், என் பிள்ளைகள் நடத்திய இரண்டு திருவிழாவும் எனக்குத்தானே, இரண்டையும் வைத்துத் தொலையுங்களேன் என்றுதான் சொல்லியிருப்பாள். இதைக் கேட்க அவளிடம் பூ போட வேண்டுமா?

லெட்சுமி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நடந்துகொண்டே யோசித்தேன். யோசித்து என்ன... நான் போவதற்குள் செய்தி போயிருந்தது. கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் போல. வாசலில் நின்றார். கண் நிறைந்திருந்தது. மிளகாய்க் கை என்பதால் துடைக்காமல் நின்றார்.

"பூ வச்சுப் பாத்துத்தான் அழிச்சாங்களாமே தம்பி. எனக்கு ஒடம்பு சரியாவணும்னுதானே காவடி எடுத்தான்? அம்மாவே அவன வேணாம்னுட்டாளா?"

வீடியோ போனதை அவர் கேட்கவே இல்லை. கேட்டது இதைத்தான்.

கமிட்டியை நாலு வார்த்தை திட்டி, பூ என்ன சொன்னாலும் அது சாமி சொன்னதில்லை என்று விளக்கியிருக்கலாம். அக்காவிடம் அது எடுபடாது. பூ வந்தால் வந்ததுதான். இவர் மகளிர் வார்டில் கிடந்தபோது பூ நல்லதாக வந்ததை நம்பித்தான் குமரனே காவடிக்கு நேர்ந்துகொண்டான்.

"இல்லக்கா" என்றேன். "எது முன்னால இருக்கணும்னு மட்டுந்தான் பூ வச்சுக் கேட்டாங்க. எதையும் அழிக்கச் சொல்லி வரல. ரெண்டையும் வச்சிருக்கணும். என் டூல்ல கோளாறு. அதுவாவே அழிச்சிருச்சு."

அக்கா என்னையே பார்த்தார்.

"அப்ப அம்மா இல்ல?"

"அம்மா இல்லக்கா. நான்தான்."

பென்டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

நான் சொன்னது மறுநாளே இரண்டு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. தலைவர்கள் இருவருக்கும் நடந்த உண்மை தெரியும். சீரியல் நம்பரை வாசித்த வாயும் தட்டிய விரலும் அவர்களுடையவை. ஒருவராவது, அந்தப் பையன் மேல் தப்பில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை, பாருங்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள். கோயில் கம்ப்யூட்டரிலிருந்து என் டூலை எடுத்துவிடுவது என்று தீர்மானம். சேர்ந்த கமிட்டியின் முதல் தீர்மானம் அது, ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு டிஸ்க் இருந்ததால்தானே வினை என்று ஒன்றைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்களாம். இப்போது ஒற்றை டிஸ்க் பனியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

பெர்த்தாம் பக்கத்துக் கோயில் ஒன்று என் டூலைக் கேட்டிருந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டூல் இருக்கும் இணையப் பக்கத்தில் இந்த ஊர்க்காரர் யாரோ ஒரு புகார் எழுதியிருக்கிறார்: 'சொல்லாமலே அழிக்கிறது. யாரும் பயன்படுத்த வேண்டாம்.' அப்படி நடக்கவே நடக்காது, நீங்கள் தட்டிய நம்பரைக்கூட அது குறித்து வைத்திருக்கிறது என்று ஒரு வரியில் பதில் எழுதிப் புகாரை மூடிவிடலாம். எழுதினால் அதை அக்காவுக்குப் படித்துக் காட்ட ஆள் இல்லாமலா போய்விடும்? (இந்தப் பக்கத்தை எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.) எத்தனை மாலைகள் உட்கார்ந்து எழுதிய இடம் அது. உலகத்துக்கே தெரியும்படி, தப்பு என்று நானே ஒத்துக்கொண்டதுபோல் அந்தப் புகார் திறந்து கிடக்கிறது. எரிகிறது. எரியாமல் என்ன?

தெவசம் வீடியோ இல்லாமல் முடிந்தது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. லெட்சுமி அக்கா குளித்து, தலையில் ஈரத்தோடு, பூத்தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக்கொள்ளட்டும். அம்மனிடம் திருப்பிக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் அவர் பேசுவதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?