ஒரு வேளைக்குப் பத்து

கன்னையன் அடித்த அடியில் அவன் பெண்டாட்டி சோலையம்மாளின் வலது தோள்மூட்டு மூன்று துண்டாகப் போனது. எண்பத்தாறாம் வருஷம், ஐப்பசி. ராசிங்காபுரத்தில் அக்காளுக்குப் பேறுகாலம் என்று அவனைக் கேட்காமல் போய்வந்ததுதான் அவள் செய்த குற்றம். மம்பட்டிக் காம்பால் அடித்தான். எஸ்டேட் லயத்தில் பக்கத்து வீடு என்னுடையது. நான் கதவைத் திறந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் தாமதத்துக்காக என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

மலையடிவாரத்துக் குரங்கணி வரை அவளைக் கம்பளியில் கட்டித் தூக்கினோம். அப்புறம் ஜீப்பு, பஸ்சு, மதுரை. பெரிய டாக்டர் நொறுங்கிய எலும்பை எடுத்துவிட்டு மூட்டுக்குப் பதிலாக இரும்புக் குண்டு வைத்தார். அனுப்பும்போது படித்துப் படித்துச் சொன்னார். இடது கையை ஊன்றிக் குனிய வேண்டும். வலது கையைத் தொங்கவிட்டுச் சின்னதாக வட்டம் சுற்ற வேண்டும், ஒரு வேளைக்குப் பத்து. சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும். மூன்று மாசத்துக்கு அந்தக் கையால் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, யாரும் அதைப் பிடித்து இழுக்கவும் கூடாது. குண்டு கழன்றால் கை போனதுதான். கை போனால் ஏலக்காட்டில் வேலை கிடையாது, லயத்து வீடும் கிடையாது.

அடுப்புத் திட்டில் இடது கையை ஊன்றி அவள் தினமும் சுற்றினாள்.

ஏலக்காய், செடியின் அடித்தூரில் காய்ப்பது. குனிந்துதான் பறிக்க வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு காலையில் கன்னையன் அவளையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"காயெடுக்கவும் இப்பிடித்தான குனியணும்? இங்க ஆட்டுற கையைக் காட்டுல வந்து ஆட்டு. வெரசாக் கெளம்பு."

டாக்டர் சொன்ன கெடு முடியவில்லை என்றாள். அவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

இந்தத் தடவை நான் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டேன். ஆனால் எனக்கு அங்கே வேலை இல்லை. அவன் இழுப்பதற்குள், அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை இடது கையால் உருவி அவன் முழங்கையில் போட்டாள். பிடி விட்டது. அடுத்தது காதோடு சேர்த்து. மூன்றாவதில் மூக்கு உடைந்து, இரண்டு பல்லோடு ரத்தம் வாசற்படியில் கொட்டியது. சட்டை புகைந்தது. நான் விலக்கிவிடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்தது.

"கையால எதையும் தூக்கக் கூடாதுன்னியேடி" என்று தவழ்ந்துகொண்டே முனகினான்.

"இந்தக் கைக்கு டாக்டரு ஒண்ணும் சொல்லலைய்யா" என்றாள்.

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தோளில் வலி இருக்கிறதா என்று வெளியிலிருந்தே கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் எண்ணுவது கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.