முன்கூட்டி எழுதிய ஒப்பாரி

தொண்ணூறுகளின் நடுவில், என் இருபத்து மூன்றாவது வயதில், எட்டுப் பாட்டுகள் கொண்ட ஒரு கேசட் போட்டேன். எட்டும் சாவுப் பாட்டு. யார் செத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் கற்பனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய். அண்ணனை நினைத்துத்தான் எழுதினேன். அண்ணன் அப்போது உயிரோடு, அடுத்த அறையில், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான்.

இந்தச் சோகப் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் பிடித்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் தங்கியிருந்த என் வகுப்புக்காரன் ஒருவன், வடகிழக்கு மாநில மலைப்பக்கத்துப் பையன். ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை விட்டுப் போனான். ஒரே ஒரு ஆள், ஒரு கிடார், பின்னால் எங்கோ தள்ளி நின்று வாசிக்கிற மாதிரி நாலைந்து வயலின்கள். பாடுகிறவன் தொண்டையைத் திறக்கவே மாட்டான். இங்கிலீஷ் வார்த்தைகள் பாதி புரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்பதுதான் அதில் விசேஷம். அப்படி ஒன்றைத் தமிழில் செய்ய வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். எங்கள் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மேடையில் வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடுகிற கூட்டம். சோகப் பாட்டு என்றால் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் கோயிலில் பாடுவது. எனக்கு இரண்டும் வேண்டாம்.

ஒரே ஒரு இடைஞ்சல். கிடார் இருந்தது, பாடுவதற்குத் துக்கம் இல்லை. அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது, முகமே நினைவில்லை. நான் உருகிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியாது. இந்த இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் காய்ந்த சக்கையாக இருந்தது. அப்போதுதான் அண்ணனுக்குக் கால் வீங்கியது.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கோயில் பாடகர் குழுவில் வயலின். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். வாரம் ஒரு முறை மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்து வர வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தம்ளர் தண்ணீர்தான், கஞ்சியும் சேர்த்து. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிறது. சித்திரை வெயிலில் அவன் வாய் கொப்பளித்துத் துப்புவான். துப்புகிறானா விழுங்குகிறானா என்று அம்மா பக்கத்தில் நின்று அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வாரமே எனக்கு முதல் பாட்டு வந்தது. நான் அம்பாசமுத்திரத்தில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. போக வர பஸ்ஸில்தான் எழுதுவேன். கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் பல்லவி முழுசாக விழுந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீட்டுக் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், வெளியே பச்சை வயலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன். அடுத்த இரண்டு மாதத்தில் மொத்தம் ஆறு பாட்டு. எல்லாவற்றிலும் அண்ணன் செத்துப் போயிருந்தான்.

ஒருநாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

“எய்யா, எனக்குச் சக்கரை இருக்குன்னு என் கிட்னி வேண்டாம்னுட்டாவ டாக்டர். ஒனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தம்லா. வேலூரு ஆஸ்பத்திரிக்குப் போயி பொருந்துதான்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோமா?”

“லீவு கெடைக்காதேம்மா” என்றேன்.

அது நிஜம்தான். ஆனால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அலுவலகத்தில் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிவைத்திருந்தேன். “ஒத்தக் கிட்னிக்காரனுக்கு வேலையும் நிரந்தரம் ஆவாது, பொண்ணும் குடுக்க மாட்டாவ, பாத்துக்கிடும்” என்றார் அவர். அவருக்கு மருத்துவம் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. இருந்தும் வேத வாக்காக அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை. பயம். கத்தி வைத்து என் விலாவைக் கிழிப்பார்கள் என்ற பயம், அவ்வளவுதான்.

அம்மா மூன்று தடவை கேட்டாள். முதலில் லீவு, பிறகு அலுவலகத்தில் தணிக்கை, பிறகு எனக்குக் காய்ச்சல். அண்ணன் மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பந்தியில் ரசம் வராவிட்டால் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுகிற ஆள் அவன். அவன் வாய் திறக்காததை எனக்குச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

பாட்டுகளுக்கு வயலின் வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல வயலின்காரன் அண்ணன் ஒருவன்தான். வேறு ஆளைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. தாள்களை அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பாட்டைப் படித்துவிட்டுக் கேட்டான்.

“யாருலே செத்தது?”

“சும்மா, கற்பனைண்ணே.”

“செத்தவன் ரொம்ப நல்லவனா இருக்கான்லே” என்று சிரித்தான். வயலினை எடுத்துத் தந்திகளை முறுக்க ஆரம்பித்தான்.

அவனுக்கு இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஒரு அறுவை செய்திருந்தார்கள், மதுரையில் ஊசி குத்துவதற்காக. அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் இரைவது தெரியும். அந்தக் கையால்தான் வயலினைப் பிடித்தான். அரை மணி வாசித்தால் விரல்கள் மரத்துவிடும். கையை உதறிவிட்டு மறுபடியும் எடுப்பான். சுருதி ஒரு இழை குறைந்தாலும் என்னை விடமாட்டான். “கிடாரச் சரி பண்ணு. துக்கம்னா சுருதி இல்லாமப் பாடணும்னு இல்லலே” என்பான்.

ஏழாவது பாட்டுக்குப் பல்லவி இப்படி வந்தது: ‘கேட்டிருந்தால் தந்திருப்பேனே, என் உயிரில் பாதியை’. செத்தவனைப் பார்த்து இருக்கிறவன் சொல்வது. மெட்டும் அதற்கு அமைந்துவிட்டது. கர்வமாக இருந்தது எனக்கு. அதை எழுதும்போது எனக்கு உறைக்கவேயில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உறைக்கவில்லை. பாட்டில் வருகிற நான் அவ்வளவு நல்லவனாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தப் பாட்டை ஒத்திகை பார்த்தோம். அடுப்படியில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முன்னிசையை வாசித்தான், நான் பல்லவியைப் பாடினேன். வில் நின்றுவிட்டது. தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“இந்த வரி நல்லாருக்குலே” என்றான். வில்லை மடியில் வைத்தான். “நான் ஒங்கிட்ட கேக்கல. கேட்டா ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேக்கல. இப்பம் கேக்குதேன். வேலூருக்கு வருதியா?”

அடுப்படியில் முறத்தின் சத்தம் நின்றது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும். நான் சொன்னது இது: “கேசட்டு முடியட்டும்ணே. முடிஞ்ச மறுநாளே கெளம்புதோம். சத்தியமா.”

“சரி. அப்ப வெரசா முடிப்போம்” என்று வில்லை எடுத்தான். அவன் என்னை நம்பினான். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

அடுத்த சனிக்கிழமை மைக் செட் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சி ஒருவர் இரண்டு மைக்கும் இரண்டு டேப் ரெக்கார்டரும் கொண்டு வந்து எங்கள் வீட்டு முன்னறையிலேயே பதிவு செய்தார். வயலின் ஒன்றுதான். அண்ணன் வாசித்ததை ஒரு டேப்பில் பதிந்து, அதை ஓடவிட்டு அதன் மேலேயே இன்னொரு தடவை வாசிக்கவைத்து மற்ற டேப்பில் பதிவோம். பிறகு மூன்றாம் தடவை. கேட்கிறவர்களுக்கு ஒரு கூட்டமே வாசிப்பதுபோல இருக்கும். எல்லாமே அவன்தான். பதிவில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். கதவும் சாத்தியிருந்தது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அன்றைய தண்ணீர் நாலு தம்ளரும் பதினொரு மணிக்கே தீர்ந்துபோயிற்று. சாயங்காலத்துக்குள் எட்டுப் பாட்டையும் முடித்துவிட்டான். “அவ்ளதானே?” என்று கேட்டான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் முடிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் இரைச்சல் அதிகம் என்றேன். ஆர்மோனியம் சேர்க்க வேண்டும் என்றேன். சேர்த்த பிறகு வயலின் அமுங்கிவிட்டது, இன்னொருமுறை வாசிக்க வேண்டும் என்றேன். ஒன்றிரண்டு குறை நிஜமாகவே இருந்தது. மற்றதெல்லாம் நானே கண்டுபிடித்தது. நாலு வாரம் இப்படி இழுத்தேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து வாசித்தான். கடைசியில் ஏழாவது பாட்டை மறுபடி வாசித்தபோது அவனுக்கு இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. அந்த மூச்சு மைக்கில் விழுந்திருக்கிறது. நான்காவது வாரம் அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போதும்வே. இதுக்கு மேல என்னத்தப் பண்ணப் போறீரு?” என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சொல்வதற்கு வேறு சாக்கு இல்லை. புதன்கிழமைக்கு வேலூர் பஸ்ஸில் மூன்று சீட் போட்டேன். அம்மா அன்றே துணிமணிகளைப் பையில் எடுத்துவைத்தாள். திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். அம்மா மடியில் அவன் தலை, என் மடியில் கால். முருகன்குறிச்சி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பிற்பாடு ஒரு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “பொருந்தியிருக்கும்னு என்ன நிச்சயம்? மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். நல்ல மனிதர். பொருந்தாமல் இருந்திருக்கலாம். பொருந்தியும் இருக்கலாம். எது என்று தெரியாமலே போய்விட்டது, நானே அப்படி ஆக்கிவைத்தேன்.

நாற்பதாம் நாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அண்ணன் வாசித்தது கேசட்டில் இருக்கிறது, எல்லோரும் கேட்கலாமே என்று பாடகர் குழுவில் யாரோ சொல்ல, குருவானவரும் ஆமென்றார். நான் மறுக்கவில்லை. ஏழாவது பாட்டில் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. எடுத்தால் மெட்டு நொண்டும் என்று விட்டிருந்தேன். அம்மா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் கேசட்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள்.

ஆறு பாட்டு முடிவதற்குள் பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேல் இப்படி ஒரு பாசமா என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஏழாவது பாட்டு ஆரம்பித்தது. மூன்று வயலின், அவன் மூச்சு, அதற்கு மேல் என் குரல். கேட்டிருந்தால் தந்திருப்பேனே.

அம்மா டேப்பைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், “அவன் கேட்டான்லா” என்றாள்.

பக்கத்தில் இருந்த பெண்கள் அதைப் புலம்பல் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் டேப்பை நிறுத்தவில்லை. எட்டாவது பாட்டும் ஓடி முடிகிறவரை எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.