அடைக்கோழிக்குக் கீழே எட்டுத் தாரா முட்டைகள்

எங்கள் தாராக்கள் காக்கி நிற வாத்துகள். முட்டையிடுவதில் அந்த இனத்தை மிஞ்ச முடியாது. விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் இட்டுவிடும். அதற்கு முன் கூட்டைத் திறந்தால் வாய்க்கால் ஓரத்தில் எங்கேயாவது இட்டுவிட்டு வந்து நிற்கும். ஆனால் அடை கிடக்காது. இட்ட முட்டையைத் திரும்பியும் பாராது. அதனால் முரசுமோட்டையில் நாங்கள் தாரா முட்டையைக் கோழிக்குத்தான் அடை வைப்போம்.

ஒரு மத்தியானம் நாய்கள் வயலுக்குள் புகுந்து ஏழு தாராக்களையும் கடித்துப் போட்டன. சமையலுக்கென்று குசினியில் வைத்திருந்த எட்டு முட்டைகள் மட்டும் மிஞ்சின. அந்த இனம் எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை.

அன்றே பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி, அடைக்கோழியின் கீழ் அவற்றை வைத்தேன். இடம் மிச்சமிருந்தது. நாலு கோழி முட்டையையும் சேர்த்துவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கும். தாரா முட்டைக்கு இருபத்தெட்டு நாள் வேண்டும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, கோழி எழும்பிட்டுது. குஞ்சுகளோட வெளி முத்தத்தில நிக்குது."

கடகத்துக்குள் கையை விட்டேன். தாரா முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. கோழி எப்போது எழும்பியதென்று யாருக்கும் தெரியாது.

"ரெண்டையும் ஒண்டா வைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள் மனைவி.

"இடம் இருந்தது, வைச்சனான்."

"இடம் இருந்தால் நீங்களும் ஏறிக் கிடந்திருக்கலாமே."

சொல்லிக்கொண்டே வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். உயிருள்ள முட்டை தண்ணீரில் தானாக ஆடும். எட்டையும் மெல்ல இறக்கிவிட்டு மூவரும் குந்தியிருந்து பார்த்தோம். தண்ணீர் அடங்கியது. ஒன்றும் அசையவில்லை. பிறகு ஓரத்தில் கிடந்த ஒன்று சற்றுத் திரும்பியது. அடுத்தது துடித்தது. ஆறு ஆடின. இரண்டு ஆடவேயில்லை.

அந்த ஆறையும் துடைத்துக் கடகத்தில் வைத்து, கோழியைப் பிடித்து மேலே இருத்தினேன். குஞ்சு ஒன்று கத்தியது; கோழி பாய்ந்து வெளியே போனது. மறுபடியும் இருத்தினேன். மறுபடியும் போனது.

"குஞ்சின்ர சத்தம் கேட்டுக்கொண்டிருந்தா அது கிடக்காது. குஞ்சுகளை உங்கட தங்கச்சி வீட்டில கொண்டுபோய் விடுங்கோ," என்றாள் மனைவி.

மகள் நாலு குஞ்சுகளையும் பெட்டியில் போட்டு, சைக்கிளில் வாய்க்காலுக்கு அப்பால் இருந்த தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கோழி முற்றம் முழுக்கக் கூப்பிட்டுத் திரிந்தது. அதற்குச் செய்தது அநியாயம்தான். நான் முட்டைகளைச் சூடாக்கிய பழைய சாரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தேன். துணி ஆற ஆற மனைவி வேறு துண்டு தந்தாள். மத்தியானம் கழிந்த பிறகு கோழி தானாகவே கடகத்தடிக்கு வந்தது. முட்டைகளை உள்ளே வைத்துவிட்டு விலகினேன். அது ஏறி, சொண்டால் ஒரு முட்டையைப் புரட்டி, இருந்துவிட்டது.

ஆறு நாள் கழித்து ஐந்து குஞ்சுகள் வந்தன. ஆனாலும் எனக்கு நிம்மதியில்லை. ஐந்தும் பெட்டையாயிருந்தால் இனம் அதோடு முடிந்தது. சின்னதில் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. குரல் மாறும்வரை பொறுக்க வேண்டும்.

இரண்டு மாதமாகும்போது மகள் கூட்டடியிலிருந்து வந்தாள்.

"அப்பா, நாலும் பெரிசாக் கத்துதுகள். ஒண்டுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கு. மருந்து குடுப்பமோ?"

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "அதுதான் ஆண் தாரா."