நான்கு பேர் ஓடி வரும் இடம்

பினாங்கில் என் மகள் தங்கியிருந்த ஃபேக்டரி ஹாஸ்டலில் அந்த ஆட்டத்துக்கு மரியாதையே இல்லை. டிவியோடு மாட்டி ஆடும் கேம் பெட்டி ஒன்றை அங்கே ஒரு பெண் வைத்திருந்தாளாம். அவள் வேலையை விட்டுப் போகும்போது, சுடுகிற ஆட்டம், குதிக்கிற ஆட்டமெல்லாம் மற்றப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய பெட்டியும், யாரும் தொடாத கார்ப் பந்தயக் கேசட் ஒன்றும்தான் என் மகளுக்கு மிஞ்சின. எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவற்றைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அப்போது நான் திகாம் பத்து ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. மகள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்துவிட்டு, ஞாயிறு ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவாள். நாலரைக்கே அவள் பையை எடுத்து வாசலில் வைத்துவிடுவேன். போகிற பிள்ளையிடம் முகத்தைத் தொங்கப் போடுகிற பழக்கம் எனக்கில்லை.

டிவியில் அந்தக் காரை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

“என்னாடி வண்டி இது? சக்கரம் நாலும் வெளிய நிக்குது, வெட்டுக்கிளி மாரி.”

“ரேஸ் காரு அப்படித்தாம்மா இருக்கும். பிடிங்க. இது ஓட்றதுக்கு, இது பிரேக்கு.”

“இத ஏன் மத்தவளுங்க வேணான்னாளுங்க?”

“போர் லா. வளைவு வந்தாலே போயி இடிக்குது.”

இடிக்காமல் என்ன செய்யும்? வளைவுக்கு முன்னாலேயே வேகத்தை விட்டுவிட வேண்டும். பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தில் பட்டுவிடாமல் கையைத் தளர்த்துவோமே, அந்த மாதிரி. அவசரக்காரர்களுக்கு அது பிடிபடாது. நல்ல ஆட்டம் அது. வண்டி திரும்பும்போது தூரத்து மலை மெல்ல நகரும். பஸ்ஸில் போகும்போது ஜெராய் மலை ஜன்னலில் நகருமே, அப்படியே.

ஒரு நாள் மகள் இல்லாத நேரத்தில், வேலை முடிந்து வந்து ஆடிக்கொண்டிருந்தேன். கை தவறி, ஓரத்தில் பிரிந்த சின்ன ரோட்டில் வண்டியை விட்டுவிட்டேன். வண்டி தானாக நின்றது. சுவர்ப் பக்கமிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள், விரல் உயரத்து ஆட்கள். சக்கரத்துக்கு ஒருவராகக் குனிந்து, நான்கையும் மாற்றினார்கள். பிறகு விலகி நின்று, ஒருவன் போகச் சொல்லிக் கை காட்டினான். நான் வந்து நின்றேன் என்பதற்காக நான்கு பேர் ஓடி வந்தது என் வாழ்நாளில் அங்கே மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் அங்கே போய் நின்றேன். எல்லா வண்டியும் என்னைத் தாண்டிப் போய்விடும். போகட்டும்.

மகள் பார்த்துவிட்டுக் கேலி செய்தாள். “அம்மா, நீங்க ரேஸ் ஓட்றீங்களா, பஸ் ஓட்றீங்களா? ஒரு ஸ்டாப்ப விடமாட்றீங்களே.”

“டயரு தேஞ்சிடுச்சி,” என்றேன். அவளும் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

அந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பண்டார் பாருவில் வேலை.

“அங்க ஒரு ரூம்பு சும்மாதான் இருக்கும். எங்களோட வந்துருங்கம்மா.”

“மருமகன் வீட்டுல மூலையில போயி உக்காரச் சொல்றியா? எனக்கு இங்க என்னா குறைச்சல்?”

“தனியா இருப்பீங்களே.”

“எனக்கு வேலையே சரியா இருக்கு. தனியா இருக்கறதுக்கு நேரம் எங்க?”

“சரி. அடுத்த தடவ வரும்போது யோசிச்சுச் சொல்லுங்க.”

அந்த இரண்டு வாரமும் யோசிக்க ஒன்றுமில்லை. ஆமாம், தனியாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது வாயில் வர மறுத்தது.

அவள் மறுபடி வந்தாள். சனிக்கிழமை முழுக்கக் கல்யாணச் சேலையைப் பற்றியே பேசினோம். ஞாயிறு மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருக்க, நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சுற்று முடிந்தது, போய் நின்றேன். இரண்டாவது சுற்றிலும் நின்றேன். மூன்றாவது முறை அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு டிவியையே பார்த்தாள்.

“அம்மா, டயர் நல்லாத்தான் இருக்கு. கீழ எழுதிருக்கு பாருங்க.”

“எனக்கு அந்த எழுத்து தெரியாதே. படிக்காதவதானே நான்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மற்ற எழுத்து எதுவும் தெரியாது. ஆனால் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸில் மற்றவர்கள் கைநாட்டு வைத்தபோது நான் கையெழுத்துப் போட்டேன். கிளினிக்கில் ஃபாரத்தை நீட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. பக்கத்தில் நின்று அதைக் கேட்டே வளர்ந்தவள் என் மகள். எதை மறைப்பதற்காக அம்மா இதை ஒப்புக்கொள்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா?

என்னை ஒரு பார்வை பார்த்தாள். துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து, என் கையிலிருந்து பட்டன் கட்டையை வாங்கிக்கொண்டாள்.

“தள்ளி உக்காருங்க. நான் ஓட்றேன்.”

ஓட்டினாள். முதல் சுற்று முடியும் இடத்தில், எந்தத் தேவையும் இல்லாமல், அந்தச் சின்ன ரோட்டில் வண்டியைத் திருப்பினாள். நான்கு பேரும் ஓடி வந்தார்கள். அடுத்த சுற்றிலும் திருப்பினாள். வந்தார்கள். வளைவுகளில் அவள் இடித்துக்கொண்டேதான் போனாள். நான் திருத்தவில்லை.

நாலரை ஆனது. அவள் பை கட்டில்மேல் இருந்தது. பிறகு ஐந்து மணி பஸ் வெளி ரோட்டில் ஹார்ன் அடித்த சத்தம் கேட்டது. பையை எடுத்து வைக்க நான் எழுந்திருக்கவில்லை.