திறக்காத மூலை

அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், கை வேகமாகும். படங்களுக்குப் பிரேம் போடும் கடையில் அண்ணன் மரச் சட்டம் வெட்டுவார். மற்றதெல்லாம் அவள். கண்ணாடி துடைப்பது, ஆணி அடிப்பது, முக்கியமாக மூலை அடைப்பது. அண்ணன் வெட்டிய நான்கு துண்டுகளைச் சேர்த்தால் ஏதாவது ஒரு மூலை வாய் பிளந்து நிற்கும். மரத்தூளையும் பசையையும் குழைத்து, நிறம் பார்த்து, விரல் நுனியால் அந்த வாயை மூட வேண்டும். புருஷன் வீட்டிலிருந்து மகளோடு திரும்பி வந்து கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து இதே வேலை. அடைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தன் வெட்டில் குறை இருப்பதே அண்ணனுக்குத் தெரியாமல் போனது.

எதிர்த் தெரு டெய்லரம்மா தன் அம்மாவின் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஈரச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அடைத்தது உதிர்ந்து, மேல் மூலையில் நகம் நுழையும் இடைவெளி.

"என்னங்க இது, அம்மா தலைக்கு மேலயே ஓட்டை?"

அண்ணன் நிமிரவில்லை. "வெட்டு சரிதான். தங்கச்சி அடைச்சது சரியில்ல. அவளுக்கு எப்பவும் அவசரம்."

டெய்லரம்மா அவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "பரவாயில்லம்மா, போகப் போகப் பழகிடும்" என்றாள்.

பழகிடுமாம்! அவருடைய வெட்டை மூடி மூடி அவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தவளுக்கு இந்தப் பேர். "வேற செஞ்சு தரேன்" என்று படத்தை வாங்கி வைத்தாள். 

மறுநாளே ஆரம்பித்தாள். ஒரு பிளைவுட் பலகை. அதன் அடியில் கெட்டி மரத்தில் இரண்டு ஒல்லியான ரீப்பர் பட்டைகள். ரம்ப மேஜையின் காடிப் பள்ளங்களில் ஆடாமல் வழுக்கி ஓடும்படி இழைத்து ஒட்டினாள். பலகையைத் தள்ளினால் ரம்பம் அதன் நடுவே கோடு கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும், வீட்டுக் கூரை மாதிரி, இரண்டு கட்டைகள். சட்டத்தைக் கட்டையில் சாய்த்துப் பிடித்தால் அது அசையாது. பலகைதான் நகரும்.

கட்டைகளைப் பொருத்தும்போது அவள் பாகை எதுவும் பார்க்கவில்லை. ‘ட’ வடிவ மூலமட்டத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்து, ஒன்றுக்கொன்று நேர்மூலையாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருகினாள். ஒரு மூலையின் ஒரு துண்டை இடது கட்டையிலும் அடுத்ததை வலது கட்டையிலும் வெட்ட வேண்டும். இதில் சாய்வு கொஞ்சம் கூடினால் அதில் அதே அளவு குறையும். சேர்த்தால் மூலை மூடிக்கொள்ளும்.

"சட்டத்துக்குப் பல்லக்கா?" என்றார் அண்ணன். "இனிமே அது நடக்காதா, தூக்கிட்டுத்தான் போகணுமா?"

அவள் கழிவு மரத்தில் ஒரு மூலையை வெட்டிச் சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். இடுக்கில் வெளிச்சம் நுழையவில்லை. நல்ல மரத்தை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து டெய்லரம்மா படத்துக்கு வெட்டினாள். மூன்று மூலைகளை இறுக்கினால் நாலாவது பல்லைக் காட்டியது. மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தாள். தன் கையையே சந்தேகப்பட்டாள். அப்படிச் சந்தேகப்பட வைத்ததைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் மூலமட்டத்தை வைத்தாள். இடது கட்டை நகர்ந்திருந்தது. அதில் புதிதாக ஒரு திருகு.

"அண்ணா, இதைத் தொட்டீங்களா?"

"கோணலா வெச்சிருந்த. உன் பொண்ணோட பாகைமானியை வெச்சுப் பாத்தேன், நாப்பத்தஞ்சு இல்ல. திருத்திட்டேன்."

"வலது பக்கம்?"

"அதுவும் கோணல்தான். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்."

இரண்டும் சேர்ந்து சரியாக நின்றன. ஒன்றை மட்டும் பிடித்து இழுத்துவிட்டு, உபகாரம் செய்த முகத்தோடு நிற்கிறார்.

"சரி, விடு. அடைச்சுடு" என்றார். "நீதான் அதுல கில்லாடியாச்சே."

ஆள் இருந்தால் சரியில்லை, ஆள் இல்லாவிட்டால் கில்லாடி.

"மாட்டேன். இனிமே ஒரு மூலையையும் அடைக்க மாட்டேன். உங்க வெட்டை எல்லாரும் பாக்கட்டும்."

புதுத் திருகைக் கழற்றினாள். மூலமட்டம் வைத்துக் கட்டையை மறுபடி நிறுத்தினாள். வேறு மரம் எடுத்து வெட்டினாள். நான்கு மூலைகளும் மூடிக்கொண்டன.

டெய்லரம்மா வந்து மூலைகளைத் தடவிப் பார்த்தாள். எங்கும் சிக்கவில்லை.

"இந்தத் தடவை நல்லா அடைச்சிருக்கியே!"

"சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே.

"அடைக்கவே இல்லைங்க." அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "இது நான் வெட்டினது. போன தடவை ஓட்டையா இருந்தது அவர் வெட்டினது. நான் அதை மூடித்தான் வெச்சிருந்தேன்."

டெய்லரம்மா அண்ணனைப் பார்த்தாள். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை மேஜைமேல் தேடினார். டெய்லரம்மா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கும்வரை தேடினார்.

"வெளி ஆள் முன்னாடி அண்ணனை இப்படியா பேசுவாங்க?"

"அன்னைக்கு என்னைச் சொன்னப்ப அவங்க உள் ஆளா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ரம்ப மெஷினைப் போட்டாள்.