நல்லுசாமி சாரின் வரிசை

நல்லுசாமி சாரின் பைக் சத்தம் கேட்டாலே எங்கள் பள்ளி மைதானம் காலியாகிவிடும். குன்னத்துக்குப் பக்கத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி அது. அவர் கணக்கு வாத்தியார். யாரையும் அடிக்க மாட்டார். சாக்பீஸை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டு நம்மையே பார்ப்பார். அதற்கு அடித்திருந்தாலே தேவலை என்று தோன்றும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரி எப்போது திறக்கும் என்று காத்துக்கிடக்கும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறவர் அவர்தான். அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியவர்கள். "நான் பயந்து பயந்து படிச்சேன்டா. அதனாலதான் இங்க நிக்கிறேன். பயம் இருந்தாத்தான் பாடம் ஏறும்" என்பார். அதை மனதார நம்பினார். லீவு நாளிலும் வந்து பாடம் எடுப்பார், காய்ச்சலோடும் வருவார். எங்களுக்காக அவரைப்போல் உழைத்தவர் அந்தப் பள்ளியில் இல்லை. அது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அவர் வருகிற வழியில் நாங்கள் நிற்க மாட்டோம்.

நாங்கள் பத்தாவது படித்த வருடம் அறிவியலுக்குத் தற்காலிக ஆசிரியையாக பெனாசிர் மிஸ் வந்தார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ். வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் "இன்னிக்கு உங்க வூட்ல என்ன ஆணம்?" என்று கேட்பார். அவர்கள் வீட்டில் குழம்பை அப்படித்தான் சொல்வார்களாம்.

"புளிக்கொழம்பு மிஸ்."

"நேத்தும் அதானடா? நான் வந்து உங்கம்மாகிட்ட ஞாயம் கேக்கணும் போலயே!"

அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பையன் கடைசி பெஞ்சிலிருந்து முன்பெஞ்சுக்கு வந்துவிடுவான். மிஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பையை வாங்க ஒரு கூட்டம், சாயங்காலம் திரும்ப ஏற்றிவிட ஒரு கூட்டம். நல்லுசாமி சார் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் நிற்கும் இடம் தெரியும். அவர் பார்ப்பார்.

"கொழம்பு கேட்டா மார்க்கு விழுந்துருமா?" என்று தமிழ் ஐயாவிடம் சொன்னாராம். "இருவது வருசமா நான் என்ன கேட்டேன், அந்தம்மா வந்து என்ன கேக்குது!"

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் பள்ளியில் தத்தெடுப்பு நடக்கும். படிப்பில் பின்தங்கியவர்களை ஆசிரியர்கள் ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு, பொதுத்தேர்வு வரை அவர்களே பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் தத்துப் பிள்ளைகள். வழக்கமாகத் தலைமையாசிரியைதான் பிரித்துக்கொடுப்பார். அந்த வருடம் ஆசிரியர்களை வேப்ப மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு, "யாருகிட்டப் படிக்கப் பிரியமோ அவங்க முன்னாடி போய் நில்லுங்க" என்றார்.

ஓடினோம். பெனாசிர் மிஸ் முன்னால் நின்ற வரிசை தண்ணீர்த் தொட்டி வரை போனது. தமிழ் ஐயாவிடம் சிலர் நின்றார்கள். நல்லுசாமி சாருக்கு முன்னால் வெறும் மண். இத்தனைக்கும் எங்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிட்டது கணக்கில்தான்.

"பாதிப் பேரு சார்கிட்டப் போங்க" என்றார் தலைமையாசிரியை.

"வேணாங்க மேடம்" என்றார் சார். "தானா வர்றவங்க வரட்டும்."

அரையாண்டுக்குப் பிறகு விருப்பப்பட்டவர்கள் மாறிக்கொள்ளலாம் என்று முடிவானது. அதற்குள் ஒரே ஒரு பிள்ளையாவது தானாக நடந்து வந்து தன் முன்னால் நிற்க வேண்டும் என்று சார் ஏங்கினார். இதை எங்களுக்குச் சொன்னது அவர் மனைவி தனம் அக்கா. எங்கள் தெருதான். குழாயடியில் என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

"ஏன் தனம், நான் பேசுனா பயமாவா இருக்குதுன்னு கேக்குறாரு. அந்தப் பொண்ணு என்ன கொழம்புன்னு கேக்குதாம், புள்ளைங்க எல்லாம் அங்க ஓடுதாம். நான் சொன்னேன், இத்தன வருசத்துல எங்கிட்டயே நீங்க அதக் கேட்டதில்ல, வச்சதத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருக்கீங்கன்னு!"

அடுத்த திங்கட்கிழமை சார் வகுப்பு வாசலில் நின்றார். நாங்கள் படியிலேயே நின்றுவிட்டோம். முதலில் மாட்டியவன் கலைச்செல்வன்.

"டேய் கலைச்செல்வா."

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"உங்க வூட்ல என்ன ஆணம்?"

"ஹோம்வொர்க் முடிச்சிட்டேன் சார்!"

அவருக்கு ஆணம் என்ற வார்த்தை வாயில் உட்காரவில்லை. ஆனாலும் மிஸ் சொல்கிற மாதிரியே சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். அடுத்து வந்தவள் மஞ்சு. வகுப்பில் வாயே திறக்காதவள்.

"ஒண்ணும் வைக்கல சார். அம்மா விடியறதுக்குள்ள களை வெட்டப் போயிடுச்சு."

பெனாசிர் மிஸ்ஸாக இருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பார். சாரிடம் கேள்வி மட்டும்தான் இருந்தது. சாக்பீஸை உருட்டினார். "சரி, உள்ள போ" என்றார். அன்று முழுக்க அவர் போர்டில் எழுதியதை அவரே அழித்து அழித்து எழுதினார். மத்தியானம் நாங்கள் இதை மிஸ்ஸிடம் நடித்துக் காட்டினோம். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு சாரின் ஜன்னல் வரை போயிருக்கும். ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

மறுநாள் அவர் வாசலில் நிற்கவில்லை. போர்டில் தேதி எழுதினார். பிறகு திரும்பாமலே பேசினார்.

"எங்க வூட்லயும் இன்னிக்கு ஒண்ணும் வைக்கல. என்ன கொழம்புன்னு நேத்து கேட்டேன். இத்தன நாளு இல்லாம இப்ப என்ன கேள்வின்னு சண்டையாயிடுச்சு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தன் வகுப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சாரே திகைத்துத் திரும்பினார்.

"அப்ப என்ன சார் சாப்ட்டீங்க?" மஞ்சுதான் கேட்டாள்.

"பழைய சோறு. ரெண்டு சின்ன வெங்காயம்."

"நானும் அதான் சார்." கொஞ்சம் தயங்கினாள். "சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மைனஸ் பெருக்குனா ஏன் ப்ளஸ் ஆவுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"அத எட்டாவதுலயே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இறங்கி வந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு குட்டை. முழங்கால் இடித்தது.

"எந்திரி. மைனஸ்னா திரும்பி நிக்கிறது. திரும்பு."

திரும்பினாள்.

"இன்னொரு மைனஸ். மறுபடி திரும்பு. இப்ப எங்க பாக்குற?"

"முன்னாடி மாதிரியே போர்டத்தான் சார்."

"அவ்வளவுதான் புள்ள."

அதற்குப் பிறகு மஞ்சு தினமும் ஒரு சந்தேகத்தோடு அவரிடம் போனாள். மற்றவர்கள் போகவில்லை. அவர் வகுப்பில் அவ்வப்போது சிரித்தோம், அவ்வளவுதான். சாரின் பொறாமையும் தீரவில்லை. மிஸ்ஸுக்கு யாராவது கொடிக்காப்புளி கொண்டுவந்தால், அது எந்த மரத்துக் காய் என்றுகூட விசாரிப்பார்.

பொங்கல் லீவு முடிந்து மறுபடி வேப்ப மரத்தடி. முதலில் நான் உட்பட யாரும் மிஸ்ஸின் வரிசையை விட்டு நகரவில்லை. சார் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வரிசையில் மிஸ் மஞ்சுவின் தோளில் கைவைத்து மெதுவாக ஏதோ சொன்னார். மஞ்சு தலையை ஆட்டினாள். பிறகு வரிசையை விட்டு விலகி, நடுவில் இருந்த வெயிலைக் கடந்து, சாரின் முன்னால் போய் நின்றாள்.

சார் சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது.

"மிஸ் போகச் சொன்னாங்களா?"

"இல்ல சார். கணக்கையும் நானே சொல்லித் தரேன், போவாதடின்னாங்க."

சார் தலையைத் திருப்பி பெனாசிர் மிஸ்ஸைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு மஞ்சுவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக சார் முகத்தில் நாங்கள் பார்த்துவந்த அதே பார்வை.

நல்லுசாமி சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போவாதன்னா சொன்னாங்க?"

"ஆமா சார்."

"எப்படிச் சொன்னாங்க? இன்னொரு தடவ சொல்லு, கேப்போம்."