கைசர் ஜஹான் திருத்திய மீட்டர்

யுத்தம் முடிந்ததும் ராணுவ வயர்லெஸ் பட்டறையில் வேலை பார்த்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராயப்பேட்டை கைசர் ஜஹானும் அவர்களில் ஒருத்தி. ரேடியோவைப் பிரித்து மாட்டப் பழகிய கை சும்மா இருக்க மறுத்தது. ராணுவச் சாமான்கள் ஏலத்தில் போய் மூர் மார்க்கெட்டில் குவிந்தபோது, அவள் ஒரு பழைய மீட்டரை வாங்கி வந்தாள். வோல்ட், ஓம் எல்லாம் ஒரே பெட்டியில் பார்க்கலாம். நடுவில் திருகும் ஸ்விட்ச், கண்ணாடிக்குள் மெல்லிய முள். 1946-ல் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு ரேடியோ ரிப்பேர் தொடங்கினாள்.

அதே தெருவில் தோல் பை தைத்துக்கொண்டிருந்த அண்ணன் சர்தாருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலில் ஆண்கள் இல்லாத வீட்டுக்கு ரிப்பேருக்கு ஒரு பெண் வருவது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மனைவி சரோஜாதேவி. அவள் வீட்டு ரேடியோ கரகரத்தது. இருநூற்றைம்பது வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் கைசரின் மீட்டர் இருநூற்றுப் பத்துதான் காட்டியது. கரண்டை ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வால்வு தளர்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்க வைத்தாள். புது வால்விலும் அதே இருநூற்றுப் பத்து, அதே கரகரப்பு. சரோஜாதேவி மயிலாப்பூர் வேதாந்தத்தின் ரேடியோ கடையிலிருந்து ஆளை வரவழைத்தாள். அவன் மீட்டர் சரியாக இருநூற்றைம்பது காட்டியது.

வேதாந்தம் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "அவ மீட்டர்ல முள்ளும் கோஷாவாக்கும். பர்தாவை விட்டு முழுசா வெளில வராது."

பேச்சு ராயப்பேட்டைக்கும் வந்து சேர்ந்தது. மீட்டரை விற்றுவிட்டு வீட்டோடு இரு என்றான் சர்தார்.

"மீட்டர்ல தப்பு கீது பாய்ஜான், அத்த சரி பண்றேன்" என்றாள் கைசர். "நான் இன்னாத்துக்கு வேலைய வுடணும்?"

மறுநாள் டார்ச் லைட் விற்கும் பொன்ராஜின் கடைக்குப் போய், அன்று காலை மட்டும் புது பேட்டரிகளை இரவல் கேட்டாள். கடைப் பலகையிலேயே மீட்டரைப் படுக்க வைத்தாள். சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, திருகாணியைத் துளி திருப்பினாள். ஒரு பேட்டரியைச் சின்ன அளவில் வைத்துப் பார்த்தாள். ஒன்றரை வோல்ட், சரியாக இருந்தது. அப்படியானால் முள்ளில் குறையில்லை. பிறகு ஆறு ஆறு பேட்டரிகளாகப் பத்துக் கட்டு கட்டி, ஒவ்வொரு கட்டையும் தனியாக அளந்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்தபோது தொண்ணூறு வோல்ட் வரவேண்டும். ஸ்விட்சைப் பெரிய அளவுக்குத் திருப்பினாள். முள்ளுக்கு அடியிலிருந்த கண்ணாடிப் பட்டையில், முள்ளின் பிம்பம் முள்ளுக்குப் பின்னால் மறையும்படி ஒற்றைக் கண்ணால் நேராகப் பார்த்தாள். முள் எழுபத்தைந்தில் நின்றது.

அந்த ஒரு அளவுக்கான ரெசிஸ்டன்ஸ்தான் கெட்டிருந்தது. ராணுவ லாரிகளில் ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து, அது கரண்டை வேண்டியதற்கு மேல் தடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, சின்னச் சின்ன ரெசிஸ்டன்ஸ்களைச் சேர்த்தும் கழித்தும் பார்த்தாள். கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்கியும் போகாமல் நின்றார்கள். கடைசியில் முள் தொண்ணூறில் வந்து நின்றது.

அத்தோடு விடவில்லை. அந்த மீட்டரை நம்பித் தான் வேலை பார்த்த வீடுகளுக்கெல்லாம் போய், அளவு தப்பு, மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லப்போவதாகக் கிளம்பினாள். சர்தார் தலையில் அடித்துக்கொண்டான்.

"தப்பு சொன்னது நானு. நானே போய் சொல்லிக்கிறேன். அந்த மயிலாப்பூர்க்காரர் எதுக்குச் சொல்லணும்?"

சில வீடுகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். சரோஜாதேவி வீட்டு ரேடியோவில் வேதாந்தத்தின் ஆள், ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் கடைசி வால்வை மாற்றியிருந்தான். கொஞ்ச நாள் நன்றாகப் பாடிவிட்டு, மறுபடி கரகரக்கத் தொடங்கியிருந்தது.

"தப்புன்னு நீயே வந்து சொல்லுதியே" என்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள் சரோஜாதேவி. "சரி, இன்னொருக்கப் பாரு."

கைசர் ஒவ்வொரு முனையாக அளந்துகொண்டே வந்தாள். கடைசி வால்வுக்குள் பாட்டு நுழையும் முனையில் முள் அசையவே கூடாது. அது மெல்ல ஏறியது. அதற்கு முன்னால், பாட்டை மட்டும் விட்டுக் கரண்டைத் தடுக்கவேண்டிய கண்டென்சர் கரண்டையும் கசியவிட்டு, புது வால்வையும் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் குரல் தெளிந்தது. பழைய வால்வையே மாட்டிவிட்டு, தேவையில்லாமல் தான் வாங்க வைத்ததைக் காசு திருப்பிக் கொடுத்து எடுத்துக்கொண்டாள்.

இதைக் கேள்விப்பட்டு, சில வாரங்கள் கழித்து வேதாந்தமே ராயப்பேட்டைக்கு வந்தார். "வேலை நன்னாத்தான் தெரிஞ்சிருக்கு. நம்ம கடையில பின்னாடி ரூம் இருக்கு, அங்கே உக்காந்துண்டு பண்ணு. வெளில யாருக்கும் தெரிய வேண்டாம்."

"முன்னாடி உக்காரவெச்சு, பலகையில என் பேரும் போடுங்க, வரேன் சார். பின்னாடி ஒளிஞ்சி செய்றதுக்கு இது திருட்டு வேல இல்ல."

அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே ஜன்னலுக்கு மேல், தமிழிலும் உருதுவிலும் தன் பெயர் எழுதிய பலகையை மாட்டினாள். சர்தார் கழற்றி வைத்தான். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினான். அவள் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து சுவரிலேயே எழுதிவிட்டாள். அவன் சுண்ணாம்பு வாங்கிவந்தான், ஆனால் அடிக்கவில்லை.

ஒருநாள் ரேடியோவைச் சுமந்துகொண்டு வந்த ஒருவர், சுவரைப் படித்துவிட்டு, பொம்பளையா ரிப்பேர் பண்றது என்று வாசலில் உட்கார்ந்திருந்த சர்தாரிடம் கேட்டார். சர்தார் தைத்துக்கொண்டிருந்த பையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆமா, என் தங்கச்சிதான். குடுக்கறதுன்னா உள்ள போ. இல்லேன்னா வழிய வுட்டு நில்லு, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."